பேட்டரி புதுசு, ஆனாலும் செல்ஃப் எடுக்கவில்லை: வோல்டேஜ் டிராப் பற்றி ஓர் எளிய விளக்கம்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த அனுபவம் ஒருநாள் வந்தே தீரும். சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டு விளக்குகள் எரிகின்றன, ஹாரன் அடிக்கிறது, ஹெட்லைட்கூட நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாவி ஸ்டார்ட் பக்கம் போனதும் ஒரே ஒரு "டக்", அதோடு சரி. பேட்டரியை மாற்றுகிறோம். கொஞ்ச நாள் ஓடுகிறது, மறுபடியும் அதே "டக்". அப்புறம் செல்ஃப் மோட்டார், அதற்கப்புறம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகிறோம். கோளாறோ பேட்டரியின் மைனஸிலிருந்து வரும் எர்த் ஒயரை பாடியோடு இணைக்கும் ஒரு போல்ட்டுக்கு அடியில் துருவாகப் படிந்திருக்கும்.

ஒரு காரில் வயதாவது பொருள்களுக்கு மட்டுமல்ல, அவற்றை இணைக்கும் ஒயர்களுக்கும் மூட்டுகளுக்கும் வயதாகிறது. ஈரம், வெப்பம், அதிர்வு, பேட்டரி அமிலத்தின் ஆவி எல்லாம் ஆண்டுக்கணக்கில் வேலை செய்வது அந்த மூட்டுகளின் மேல்தான். அதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரும், வோல்டேஜ் டிராப் என்ற ஒரு கருத்தைப் பற்றிய தெளிவும் போதும். கார் வேலையைச் சொந்தக் கையால் கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் ஆயில் மாற்றுவதற்கு அடுத்தபடியாகக் கற்க வேண்டியது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

வோல்டேஜ் எங்கே தொலைகிறது?

மின்சாரம் ஓடும் எந்தப் பாதையிலும் கொஞ்சமாவது தடை இருக்கும். அந்தத் தடையைத் தாண்டுவதற்கு வோல்டேஜில் ஒரு பங்கு செலவாகிவிடும். செலவான பங்குதான் வோல்டேஜ் டிராப். எவ்வளவு செலவாகும் என்பதை ஜார்ஜ் ஓம் 1827-இலேயே எழுதி வைத்துவிட்டார்: ஓடும் ஆம்பியரைத் தடையின் ஓமால் பெருக்கினால் தொலையும் வோல்ட் வந்துவிடும். இந்தக் கட்டுரைக்குத் தேவையான கணக்கு இவ்வளவுதான்.

இதை அந்த "டக்" சத்தத்தோடு பொருத்திப் பார்ப்போம். பேட்டரி டெர்மினலில் பூத்த பூசணத்தால் அந்த மூட்டில் 0.05 ஓம் தடை ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிகச் சிறிய அளவுதான். உள்ளே எரியும் 5 வாட் கூரை விளக்கு இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. அதனால் தொலைவது ஏறக்குறைய 0.02 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். அப்போது தொலைவது 0.45 வோல்ட். வெளிச்சம் கொஞ்சம் மங்கும், பெரும்பாலோர் கவனிக்கமாட்டார்கள். செல்ஃப் மோட்டாருக்கு வாருங்கள். சாதாரண பெட்ரோல் காரில் இன்ஜினைச் சுழற்ற அது 100 முதல் 200 ஆம்பியர் வரை கேட்கும், டீசல் என்றால் இன்னும் அதிகம். 150 ஆம்பியர் என்று வைத்தால் 150 × 0.05 = 7.5 வோல்ட். 12 வோல்ட் பேட்டரியில் 7.5 வோல்ட் அந்த ஒரு மூட்டிலேயே போய்விட்டால் மோட்டாருக்கு என்ன மிஞ்சும்? உண்மையில் அவ்வளவு ஆம்பியர் ஓடவே முடியாமல் மோட்டார் முடங்கி நின்றுவிடும்.

"லைட் எல்லாம் எரியுதே, பேட்டரியிலிருந்து கரன்ட் வருதே, அப்புறம் ஏன் செல்ஃப் எடுக்கல?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். விளக்கு எரிவது அந்தப் பாதை 9 ஆம்பியருக்குத் தாங்கும் என்பதற்கு மட்டுமே சாட்சி. 150 ஆம்பியரைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

வீட்டுக் குழாயில் உப்பு அடைத்திருந்தாலும் குழாயை மூடி வைத்திருக்கும்போது அழுத்தம் முழுதாகத்தான் காட்டும். திறந்து தண்ணீர் வேகமாக ஓடும்போதுதான் அடைப்பு தெரியும். மின்சாரத்திலும் அப்படியே. ஓட்டம் இல்லாதபோது டிராப் இல்லை. ஆகவே சோதனையை எப்போதும் அந்தப் பொருள் வேலை செய்துகொண்டிருக்கும்போது, அல்லது வேலை செய்ய முயலும்போது செய்ய வேண்டும்.

மல்டிமீட்டரை ஓம் பக்கம் வைத்து ஒயரின் இரு நுனியையும் தொட்டுப் பார்ப்பதுதான் புதியவர்களுக்கு முதலில் தோன்றும் வழி. அது பயன்படாது. சாதாரண மீட்டரின் சொந்த ஒயர்களிலேயே சில பத்தில் ஒரு பங்கு ஓம் தடை இருக்கும். நாம் தேடுவதோ நூறில் ஒரு பங்கு ஓம். தடித்த கேபிளுக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான செம்பு இழைகள் அறுந்து நாலைந்து மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் ஏறக்குறையப் பூஜ்யத்தைக் காட்டி, பீப் சத்தமும் கொடுத்துவிடும். அந்த நாலைந்து இழைகளால் மீட்டரின் மெல்லிய ஓட்டத்தைத் தாங்க முடியும், செல்ஃப் மோட்டாரின் ஓட்டத்தைத் தாங்க முடியாது.

அளக்கும் முன்

ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலிலோ ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிலோ வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். இன்ஜின் சுழல வேண்டும், ஆனால் ஸ்டார்ட் ஆகிவிடக் கூடாது. அதற்கு ஃப்யூஸ் பெட்டியில் ஃப்யூயல் பம்பின் ஃப்யூஸையோ ரிலேயையோ எடுத்துவிட்டால் போதும். எது எந்த ஃப்யூஸ் என்பது அந்தப் பெட்டியின் மூடியிலோ வண்டியின் கையேட்டிலோ இருக்கும். கார்புரேட்டர் காலத்து வண்டி என்றால் இக்னிஷன் காயிலுக்கு வரும் மெல்லிய ஒயரைக் கழற்றிவிடலாம். தளர்வான சட்டைக் கை, துண்டு, நீண்ட முடி எதுவும் ஃபேன் பக்கமும் பெல்ட் பக்கமும் போகக் கூடாது. சாவியைத் திருப்ப இன்னொருவர் உதவிக்கு இருந்தால் நல்லது. ஒவ்வொரு தடவையும் ஐந்து வினாடிக்கு மேல் சுழற்றாமல், நடுவில் மோட்டார் ஆற ஒரு நிமிடம் விடுங்கள்.

மீட்டரை டிசி வோல்ட், 20 என்ற அளவில் வையுங்கள். ஆம்பியர் பக்கம் வைத்துவிட்டு பேட்டரியைத் தொடவே கூடாது. மீட்டரின் ஆம்பியர் சாக்கெட் வழக்கமாக 10 ஆம்பியர் வரைதான் தாங்கும், பேட்டரியிலிருந்து நூற்றுக்கணக்கில் பாயும்.

முதலில் பேட்டரி

வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு, ஹெட்லைட்டை ஒரு நிமிடம் போட்டு அணைத்துவிட்டு, மீட்டரின் புரோப்களை, அதாவது ஒயர் நுனியிலுள்ள கூர்முனைகளை, பேட்டரியின் பிளஸ்ஸிலும் மைனஸ்ஸிலும் வைத்து அளங்கள். ஓடிவந்த உடன் பேட்டரியின் மேலோட்டமாக நிற்கும் சார்ஜ் பொய்யான அளவைக் காட்டும், அதைக் கரைப்பதற்குத்தான் ஹெட்லைட். சாதாரண லெட் ஆசிட் பேட்டரியில் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12.0-க்கு வந்துவிட்டால் ஏறக்குறையக் காலி. பாதி சார்ஜ் உள்ள பேட்டரியை வைத்து மற்ற சோதனைகளைச் செய்வது வீண், முதலில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து, புரோப்கள் அப்படியே பேட்டரியில் இருக்க, உதவியாளரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். மிதமான வெப்பநிலையில் நல்ல பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்காது. அதற்கும் கீழே சரிந்தால் பேட்டரி சோர்ந்திருக்கிறது, இல்லையென்றால் செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. எண் 12-ஐ ஒட்டியே நின்றுகொண்டு மோட்டார் சுழலாமல் இருந்தால்தான் விஷயம் சுவாரசியமாகிறது. பேட்டரி கொடுக்கத் தயாராக இருக்கிறது, வாங்குவதற்கு யாரும் இல்லை. பாதை எங்கோ அடைபட்டிருக்கிறது, அல்லது செல்ஃப் மோட்டாருக்கு உத்தரவே போய்ச் சேரவில்லை.

பாதையை அளப்பது

வழக்கமாக நாம் ஒரு புரோப்பை பிளஸ்ஸிலும் மற்றொன்றை மைனஸ்ஸிலும் வைப்போம். டிராப் பார்க்கும்போது அப்படி இல்லை. ஒரே கம்பியின் இந்த நுனியில் ஒன்று, அந்த நுனியில் ஒன்று. இரண்டு நுனிக்கும் இடையே எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்பதை மீட்டர் நேரடியாகக் காட்டும். புரோப் இடம் மாறினால் எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி வரும், அதனால் ஒன்றுமில்லை.

பிளஸ் பக்கம்: ஒரு புரோப் பேட்டரியின் பிளஸ் ஈயக் கட்டையில். கவனியுங்கள், அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பில் இல்லை, நடுவில் தெரியும் ஈயத்தில். மற்றொரு புரோப் செல்ஃப் மோட்டாரில் தடித்த பேட்டரி கேபிள் வந்து சேரும் போல்ட்டில். சாவியைத் திருப்பும்போது 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் அந்தக் கேபிள் நல்ல நிலையில் இருக்கிறது. 0.5-ஐத் தாண்டினால் எங்கோ தவறு. 2 வோல்ட், 3 வோல்ட் என்று காட்டினால் பேட்டரியையும் மோட்டாரையும் விட்டுவிட்டு அந்தக் கேபிளைப் பாருங்கள்.

மைனஸ் பக்கம்: ஒரு புரோப் பேட்டரியின் மைனஸ் ஈயக் கட்டையில், மற்றொன்று செல்ஃப் மோட்டாரின் உடம்பில் பெயின்ட் இல்லாத இடத்தில். இங்கேயும் 0.2, அதிகம் போனால் 0.3. பழைய கார்களில் பெரும்பாலும் மாட்டுவது இந்தப் பக்கம்தான், ஆனால் கடைசியாகச் சந்தேகப்படுவதும் இதைத்தான். இன்ஜின் ரப்பர் மவுன்ட்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் இன்ஜினையும் பாடியையும் இணைக்கத் தனியாக ஓர் எர்த் பட்டை இருக்கும், பின்னிய செம்புப் பட்டையாகவோ தடித்த கறுப்பு ஒயராகவோ. அது சேற்றுத் தண்ணீர் படும் இடத்தில் தொங்கும். அது அறுந்துவிட்டால் மின்சாரம் வேறு வழி தேடும். ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், கியர் கேபிள் என்று கிடைத்த உலோகத்தின் வழியெல்லாம் பாய்ந்து அவற்றைச் சூடாக்கி உருக்கியும் விடும். காரணமே இல்லாமல் ஆக்ஸிலரேட்டர் கேபிள் இறுகிப்போனால் எர்த் பட்டையையும் ஒருமுறை பாருங்கள்.

ஏதாவது ஒரு பக்கம் அளவு கூடுதலாக வந்தால் பாதையைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போக வேண்டும். ஈயக் கட்டையிலிருந்து கிளாம்ப் வரை, கிளாம்ப்பிலிருந்து பாடி போல்ட் வரை, பாடியிலிருந்து இன்ஜின் வரை. ஒரு நல்ல மூட்டில் 0.1 வோல்ட்டுக்குக் குறைவாகத்தான் தொலையும். எங்கே எண் திடீரென்று தாவுகிறதோ அங்கே கோளாறு. கையாலும் ஒரு குறிப்பு கிடைக்கும்: தொலையும் வோல்டேஜ் வெப்பமாக மாறுகிறது. 0.02 ஓம் தடையில் 100 ஆம்பியர் ஓடினால் அந்த மூட்டில் 200 வாட் வெப்பம். சில தடவை முயன்ற பிறகு ஒரு டெர்மினல் மட்டும் சுடுகிறதென்றால் அங்கேதான் வோல்டேஜ் போய்க்கொண்டிருக்கிறது. புறங்கையால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள், நன்றாகவே சுட்டுவிடலாம்.

இரண்டு பக்கமும் சரி என்றால் மிஞ்சுவது செல்ஃப் மோட்டாரும், சாவியின் உத்தரவில் பேட்டரி கேபிளை மோட்டாரோடு இணைக்கும் பெரிய சுவிட்சான சாலினாய்டும். சாலினாய்டில் இரண்டு பெரிய போல்ட் இருக்கும். சும்மா இருக்கும்போது அவற்றுக்கு இடையே 12 வோல்ட்டை ஒட்டிக் காட்டும், ஏனென்றால் சுவிட்ச் திறந்திருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அது 0.3-க்குள் விழ வேண்டும். "டக்" கேட்டும் விழவில்லை என்றால் உள்ளேயிருக்கும் செம்புத் தொடுமுனை கருகியிருக்கிறது. அந்த "டக்" கூட வரவில்லை என்றால் சாலினாய்டின் சிறிய ஒயரைப் பாருங்கள். சாவியிலிருந்து உத்தரவு வரும் ஒயர் அது. சாவியை ஸ்டார்ட்டில் பிடித்திருக்கும்போது அதற்கும் இன்ஜின் உடம்புக்கும் இடையே பேட்டரி வோல்டேஜுக்குச் சமீபமாக வர வேண்டும். 7, 8 என்று வந்தால் தேய்ந்த இக்னிஷன் சுவிட்ச், ரிலே, கிளட்ச் அல்லது நியூட்ரல் சுவிட்ச் ஆகியவற்றில் ஒன்று.

எல்லா வோல்டேஜும் ஒழுங்காக வந்து சேர்ந்தும் மோட்டார் அசையவில்லை என்றால் அப்போது தயங்காமல் மோட்டாரைக் குற்றம் சொல்லலாம். கட்டையால் லேசாகத் தட்டியதும் சுழல்கிறதென்றால் உள்ளே சுழலும் பாகத்துக்குக் கரன்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். பிரஷ் மட்டும் மாற்றினால் பல மோட்டார்கள் மறுபடி ஆண்டுக்கணக்கில் ஓடும்.

மூட்டைச் சுத்தம் செய்வது

முதலில் கழற்ற வேண்டியது மைனஸ், கடைசியில் மாட்ட வேண்டியதும் மைனஸ். மைனஸ் இணைந்திருக்கும்போது பிளஸ் போல்ட்டைத் திருப்பும் ஸ்பேனர் பாடியில் பட்டால் நேரடி ஷார்ட். ஸ்பேனர் பழுக்கக் காயும், பேட்டரி வெடிக்கவும் கூடும். சார்ஜ் ஆகும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால் பொறி பறக்கும் எந்த வேலையும் அதன் அருகில் ஆபத்து. மோதிரம், வாட்ச் கழற்றிவிடுங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

டெர்மினலில் பூத்த வெள்ளை, நீலப் பொடியைச் சமையல் சோடா கரைத்த தண்ணீர் நுரைத்துக் கரைத்துவிடும். அது பேட்டரி செல்லுக்குள் போகக் கூடாது. பிறகு ஈயக் கட்டையையும் கிளாம்ப்பின் உட்புறத்தையும் பிரஷ்ஷால் பளபளவென்று தேயுங்கள். எர்த் போல்ட்டுக்கு அடியில் துருவும் பெயின்ட்டும் போய் வெறும் உலோகம் தெரிய வேண்டும். இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவினால் ஈரம் புகாது. கேபிளின் உறைக்குள் பச்சை நிறம் ஏறியிருந்தால் அது உள்ளே நெடுந்தூரம் பரவியிருக்கும், தேய்த்துப் பயனில்லை, கேபிளையே மாற்றுங்கள். அதே தடிமன் அல்லது அதைவிடத் தடித்தது. வேலை முடிந்ததும் அதே இடத்தில் அதே அளவை மறுபடி எடுங்கள். முன்பு 1.8, இப்போது 0.1 என்று வந்தால் பழுது சரியானதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது.

செல்ஃப் மோட்டாரைத் தாண்டி

இதே முறை வண்டியின் எல்லா மின் வேலைக்கும் பொருந்தும். மங்கலான ஹெட்லைட், தவழ்ந்து ஏறும் பவர் விண்டோ, முனகும் ஹாரன், அழுத்தம் குறைந்த ஃப்யூயல் பம்ப் எதுவானாலும், அதை ஓடவிட்டு பிளஸ் பாதையில் எவ்வளவு, எர்த் பாதையில் எவ்வளவு என்று அளங்கள். ஃப்யூயல் பம்ப் விஷயத்தில் பெட்ரோல் ஆவி உள்ள டேங்க் பக்கம் பொறி வந்துவிடாதபடி வெளியிலுள்ள கனெக்டரில் மட்டும் அளக்க வேண்டும்.

சார்ஜிங்கிலும் உதவும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் பொதுவாக 13.8 முதல் 14.7 வோல்ட் வரை இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் ஆல்டர்னேட்டரை இறக்கும் முன், ஹெட்லைட்டும் ஏசி ஃபேனும் போட்டு, ஆல்டர்னேட்டரின் தடித்த போல்ட்டுக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் இடையே எவ்வளவு தொலைகிறது என்று பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் போனால் ஆல்டர்னேட்டர் செய்வதைக் கேபிள் விழுங்குகிறது. கணினி வழி சார்ஜிங்கைக் கட்டுப்படுத்தும் சற்றுப் புதிய வண்டிகளில் வோல்டேஜ் வேண்டுமென்றே ஏறி இறங்கும், அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழைய வழக்கத்தைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். அந்த நொடியில் கிளம்பும் அதிக வோல்டேஜ் வண்டியின் கம்ப்யூட்டரையே எரித்துவிடக்கூடும்.

கடைசியாக, நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரி தானாக இறங்கும் தொல்லை. வண்டி தூங்கும்போது 50 மில்லி ஆம்பியருக்குள் இழுப்பது பொதுவாக ஏற்கத்தக்கது. அரை ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-அவர் போய்விடும், 45 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டு நாளில் பாதிக்கு வந்துவிடும். எந்தப் பாதையில் கசிகிறது என்று பார்க்க ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார்கள். அப்படிப் பிடுங்கி மாட்டும்போது தூங்கிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்கள் விழித்துக்கொண்டு குழப்பும். அதைவிட நல்ல வழி, ஃப்யூஸ் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். கதவுகளைப் பூட்டி, அரை மணி நேரமோ அதற்குச் சற்று மேலோ காத்திருந்து, மீட்டரை 200 மில்லிவோல்ட் அளவில் வைத்து, ஃப்யூஸின் முதுகில் தெரியும் இரண்டு சிறு உலோகப் புள்ளிகளைத் தொடுங்கள். ஃப்யூஸுக்கும் ஒரு சிறிய தடை உண்டு. ஓட்டமே இல்லாத ஃப்யூஸ் 0.0 காட்டும், எதில் அரை ஆம்பியர் கசிகிறதோ அது சில மில்லிவோல்ட் காட்டும். அந்த ஃப்யூஸ் எந்தெந்தப் பொருளுக்குப் போகிறது என்று மூடியில் பார்த்தால் தேடல் நாலைந்து இடங்களுக்குச் சுருங்கிவிடும். டேஷ்போர்டு பெட்டியில் அணையாத விளக்கு, டிக்கி விளக்கின் சுவிட்ச், பின்னால் வந்து யாரோ சேர்த்த மியூசிக் சிஸ்டம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். எல்லா ஃப்யூஸும் பூஜ்யம் காட்டியும் பேட்டரி இறங்குகிறதென்றால் சந்தேகம், கரன்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் ஆல்டர்னேட்டரின் டயோடு மேல் விழ வேண்டும், அதன் தடித்த கேபிள் சின்ன ஃப்யூஸ் பெட்டி வழியாகப் போவதில்லை.